குக்கரோடு லெசோத்தோ போன கதை

மார்ச் 29, 2025, சனி. டர்பன்

லெசோத்தோ போகிறேன் என்று போனில் சொன்னதும் அம்மா, "அது துபாய் பக்கமாப்பா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. இந்த மாதத் தொடக்கத்தில்தான் அமெரிக்க அதிபர் டிரம்ப் தன் நாடாளுமன்ற உரையில், யாருமே கேள்விப்படாத நாடு என்று லெசோத்தோவைச் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

தென்னாப்பிரிக்காவின் வயிற்றுக்குள் இருக்கும் தனி நாடு அது. நாலாபக்கமும் தென்னாப்பிரிக்காதான். மன்னராட்சி உண்டு. 1966-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை. நாட்டிலேயே தாழ்வான இடம் 1,400 மீட்டர், அதாவது ஏற்காட்டுக்குச் சற்றுக் கீழே. அங்கிருந்து 3,482 மீட்டர் வரை மலைதான். கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த மச்சான் டர்பன் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், "மாப்ளே, நீ வா, மேலே ஏறலாம்" என்றான். எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனிச் சீசன் முடிந்து மூச்சு விடக் கொஞ்சம் நாள் கிடைத்தது.

திட்டத்தின் தலைப்புச் செய்தி செமொங்கோங் ஊரின் மலெட்சுன்யானே அருவி. அதன் பக்கத்துப் பாறையில் 204 மீட்டர் கயிற்றில் இறங்க வேண்டும் என்பது மச்சானின் ஆசை. எனக்குக் குதிரை போதும். இரண்டையும் வைத்து, கிழக்கே சானி கணவாய் வழியாக ஏறி, வடக்கே சுற்றி, மேற்கே தலைநகர் மசேரு வழியாக இறங்குவதாக வரைபடத்தில் கோடு போட்டோம்.

பக்கத்து வீட்டு ஐயா கோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவருடைய முன்னோர்கள் கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழர்கள். 1860-ல் சென்னையிலிருந்து முதல் கப்பல் வந்த காலத்துக் கதைகள் அவர் வீட்டில் இன்னும் புழங்குகின்றன. தேவாரம் பாடுவார், தமிழ் படிக்கத் தெரியாது. இளவயதில் சானியில் லாரி ஓட்டியவர். "கிலோமீட்டரை அடிச்சுட்டு மணிக்கணக்கு எழுது. பகல் ரெண்டு மணிக்கு மேலே எந்த மலையும் ஏறாதே" என்றார். எழுதிப் பார்த்தால் எங்கள் திட்டம் இரண்டு நாள் நீண்டது. சிகரம் ஏறும் நாளையும் மசேருவில் ஓய்வு நாளையும் வெட்டினோம்.

யாராவது போவதாக இருந்தால் ஒன்று மட்டும். தென்னாப்பிரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்கட்டும். லெசோத்தோவுக்குள் கால் வைத்தால் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. விசா பற்றி வேறெதுவும் எழுதி உங்களைத் தூங்க வைக்க மாட்டேன்.

சாமான்களில் ஒரே சண்டை குக்கருக்குத்தான். மலையேறப் போகிறவன் மூன்று லிட்டர் குக்கர் தூக்குவானா என்று கேட்டேன். "அந்த உயரத்துல தண்ணி 90 டிகிரியிலேயே கொதிச்சுரும். பருப்பு வேகவே வேகாது" என்றான். இயற்பியல் அவன் பக்கம். ஏற்றிக்கொண்டோம்.


ஏப்ரல் 3, வியாழன். சானி கணவாய்

சானியில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்குத்தான் அனுமதி. வாடகை வண்டியை எல்லை தாண்ட ஓட்ட, வாடகைக்கு விட்டவரின் அனுமதிக் கடிதம் வேண்டும். கடிதம் இருந்தது. ஆனால் காலையில் வண்டியை எடுக்கப் போனபோது, பதிவு செய்த வண்டியில் ஏதோ கோளாறு என்று வேறொன்றைக் கொடுத்தார்கள். கடிதத்தை மாற்றவில்லை. தென்னாப்பிரிக்கக் குடிநுழைவு நிலையத்தில் அதிகாரி கடிதத்தைப் பார்த்தார், வெளியே வந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

அங்கே சிக்னல் கிடையாது. திரும்ப ஹைம்வில் ஊர் வரை இறங்கி, வாடகை நிறுவனத்துக்குப் போன் போட்டு, அவர்கள் மின்னஞ்சலில் அனுப்பிய புதுக் கடிதத்தை ஒரு கடையில் 10 ராண்ட் கொடுத்து அச்செடுத்தோம். (2025 ஏப்ரலில் ராண்ட் நாலரை ரூபாய் சுமார்.) கடைக்காரம்மா எங்கள் முகத்தைப் பார்த்து டீயும் கொடுத்தார், காசு வாங்கவில்லை. மறுபடி நிலையத்துக்கு வந்தபோது மணி மூன்றரை. டர்பன் ஐயாவின் கணக்குப்படி ஒன்றரை மணி நேரம் தாமதம். அதிகாரி முத்திரை குத்தியபடி, "மேலே ஆறு மணிக்குக் கேட்டை மூடுவார்கள். நீங்கள் பாதியில் இருந்தாலும் மூடுவார்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

இரண்டு நாட்டு நிலையங்களுக்கும் நடுவே 8 கிலோமீட்டர்தான். பழைய காலத்தில் கம்பளி மூட்டைகளோடு கோவேறு கழுதைகள் இறங்கிய தடம். 1948-ல்தான் முதல் ஜீப் இதில் ஏறியது. டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு முதல் கியரில் ஏறினோம். பாதி வழியில் பனிமூட்டம் இறங்கியது. மேலே கொண்டை ஊசி வளைவுகள் அடுக்கடுக்காக வரும் இடத்தில் வண்டியின் மூக்குக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. மச்சான் ஓட்ட, நான் இறங்கி முன்னால் நடந்து வழி சொன்னேன். கால் விரல்கள் மரத்துப்போயின.

அப்போது மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு மினிபஸ் இறங்கியது. கூரையில் மெத்தை, இரண்டு நாற்காலி, ஒரு கோழிக்கூடு. ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது மலை வழக்கம்தான், ஆனாலும் அந்த ஓட்டுநர் அந்தச் சறுக்கலில் பின்னோக்கியே ஏறி, வளைவில் ஒதுங்கி, கண்ணாடியை இறக்கி எங்களுக்கு வணக்கம் சொன்னார். உள்ளே இருந்த பத்துப் பதினைந்து பேரும் வணக்கம் சொன்னார்கள். எனக்குப் பல் கிட்டியிருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். நாங்கள் சாகசம் என்று பெயர் வைத்து வந்த பாதையில் அவர்கள் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஐந்தரைக்கு மேலே. 2,874 மீட்டர். லெசோத்தோ அதிகாரிகள் சீருடைக்கு மேல் கம்பளி போர்த்தியிருந்தார்கள். அறையில் ஸ்டவ் எரிந்தது. முத்திரையைவிட அந்தச் சூடு பெரிதாகத் தெரிந்தது.

பக்கத்திலேயே ஆப்பிரிக்காவின் மிக உயரமான மதுக்கடை என்று பலகை போட்ட விடுதி. உள்ளே தொலைக்காட்சியில் அதே டிரம்ப். நேற்று இரவு நாடுவாரியாக இறக்குமதி வரி அறிவித்திருக்கிறார். பட்டியலில் லெசோத்தோவுக்கு 50 சதவீதம். அவ்வளவு உயரத்தில் வேறெந்த நாட்டையும் வைத்ததாகத் தெரியவில்லை. கடையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பரிமாறிய பையன், தன் அக்கா மபுட்சோவே ஊரில் பேன்ட் தைக்கும் ஃபேக்டரியில் இருப்பதாகச் சொன்னான். "அமெரிக்காவுக்குத்தான் தைக்கிறார்கள்" என்றான்.

விடுதியின் வைஃபை கிடைத்ததும் திருப்பூர் வாட்ஸப் குழு கொட்டியது. இந்தியாவுக்கு 26, வங்கதேசத்துக்கு 37, இலங்கைக்கு 44, வியட்நாமுக்கு 46. ஆர்டர் எல்லாம் நம் பக்கம் திரும்பும் என்று பட்டாசு ஸ்டிக்கர்கள். அதைப் படித்தபடியே அந்தப் பையன் கொண்டுவந்து வைத்த சூப்பைக் குடித்தேன். ரொட்டியோடு 85 ராண்ட். உப்பு கொஞ்சம் தூக்கல்.


ஏப்ரல் 4, வெள்ளி. மொகோட்லொங்

காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல். புல்வெளியில் வெள்ளையாகப் பனி உறைந்திருந்தது. ஏப்ரல் இங்கே இலையுதிர் காலம். தலைவலியோடு எழுந்தேன். உயரத்தின் வேலை. தண்ணீர் நிறையக் குடித்து, மெதுவாக நடந்து சரிசெய்தேன். 3,482 மீட்டர் தபானா ந்ட்லென்யானா சிகரத்தைத் திட்டத்திலிருந்து வெட்டியதற்கு ஐயாவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். நான் நிற்கவே சிரமப்பட்டபோது மச்சான் விசிலடித்துக்கொண்டு டயருக்குக் காற்றடித்தான்.

இந்தப் பக்கம் நல்ல தார்ச்சாலை. 3,240 மீட்டர் கணவாய் ஒன்றைத் தாண்டிச் செல்கிறது. மரமே இல்லை. மேய்ச்சல் நிலம், ஆடு, நாய், ரப்பர் பூட்ஸ் போட்ட மேய்ப்பர் பையன்கள். முழங்கால் வரை தொங்கும் கம்பளியை ஊக்கு குத்திப் போர்த்தியிருக்கிறார்கள். மேய்வதில் பாதி அங்கோரா ஆடு. அதன் முடியான மொஹேர் உற்பத்தியில் தென்னாப்பிரிக்காவுக்கு அடுத்து இந்தச் சின்ன நாடுதான்.

மொகோட்லொங் ஊரில் கடைக்குப் போய், "டீசல் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டேன். கல்லாவில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காது கேட்கவில்லையோ என்று சத்தமாகக் கேட்டேன். வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண் என் முழங்கையைத் தொட்டு, "முதலில் வணக்கம் சொல்லுங்கள்" என்றாள். "டுமேலா ந்தாத்தே" என்றேன். பெரியவர் முகம் மலர்ந்தது. நலமா என்றார், எங்கிருந்து வருகிறேன் என்றார், ஊரில் எல்லோரும் நலமா என்றார், பிறகு கடையை விட்டு வெளியே வந்து டீசல் பங்க் இருக்கும் திசையைக் கைகாட்டினார். அதற்குப் பிறகு வணக்கம் சொல்லாமல் நான் எதையும் கேட்கவில்லை. சாலையில் எதிரே வருகிற குதிரைக்காரருக்கும் சொன்னேன். ஆணுக்கு ந்தாத்தே, பெண்ணுக்கு மே. நம் ஊர் ஐயா, அம்மா போலத்தான், வயது பார்ப்பதில்லை.

வட்ட வடிவக் கல் குடிசை ஒன்றில் தங்கினோம். இரவுக்கு 450 மலோட்டி. (அவர்கள் பணம் லோட்டி, பலவாக இருந்தால் மலோட்டி. ராண்டுக்குச் சமம், ராண்டையும் வாங்கிக்கொள்கிறார்கள்.) கூரை புல். சுவர் நல்ல தடிமன். உள்ளே கதகதப்பு.

மச்சான் முற்றத்தில் கேஸ் அடுப்பை வைத்துக் குக்கரை ஏற்றினான். முதல் விசிலுக்கு வீட்டுக்கார அம்மா ஓடி வந்தார். இரண்டாவதுக்கு அவர் மருமகள், மூன்றாவதுக்குப் பக்கத்து வீட்டார். நாய் குரைத்தது. ஒரு சின்னப் பையன் ஒவ்வொரு விசிலுக்கும் பதில் விசில் அடித்தான். திறந்து பருப்பைக் காட்டினோம். வீட்டுக்கார மே உள்ளே போய் ஒரு தட்டில் பாப்பாவும் மொரோஹோவும் கொண்டுவந்தார். பாப்பா என்பது மக்காச்சோள மாவுக் களி. மொரோஹோ கீரைப் பொரியல், எண்ணெய் தாராளம். அந்தக் களியை உருட்டிச் சாம்பாரில் முக்கினால் என்ன ருசி என்கிறீர்கள்! மேவுக்குச் சாம்பார் காரம். ஆனாலும் முடித்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவி, வெறுமையாகத் தரக்கூடாதென்று இரண்டு பீச் பழம் போட்டுத் திருப்பித் தந்தார்.

தெருவில் சில வீடுகளுக்கு முன்னால் கழியில் துணி பறக்கிறது. வெள்ளை என்றால் வீட்டில் சோளத்தில் காய்ச்சிய பீர் தயார், சிவப்பு என்றால் இறைச்சி, பச்சை என்றால் காய்கறி. பலகையும் வேண்டாம், செயலியும் வேண்டாம்.


ஏப்ரல் 5, சனி. ஹ்லோட்சே

நீண்ட நாள். மொகோட்லொங்கிலிருந்து வடமேற்கே போகும் சாலை, 3,251 மீட்டர் டிலாயெங் கணவாயைத் தாண்டுகிறது. வழியில் லெட்செங் வைரச் சுரங்கம். வேலி மட்டும்தான் தெரிந்தது. 2006-ல் 603 கேரட் கல் ஒன்று இங்கே கிடைத்தது. அந்த வேலிக்கு வெளியே இரண்டு பையன்கள் சாணி வறட்டியைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விறகு கிடையாது, குளிருக்கு அதுதான் எரிபொருள்.

பனிச்சறுக்கு விடுதியைத் தாண்டியதும் ஆலங்கட்டி மழை. கொண்டைக்கடலை அளவில் தொடங்கி நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. ஒதுங்க மரமில்லை. பாறையோரம் நிறுத்தி, கண்ணாடியின் மேல் போர்வையைப் போட்டோம். இருபது நிமிடம். வண்டியின் முன்மூடியில் சின்னச் சின்னக் குழி. வாடகைக்கு விட்டவர்கள் அதற்குக் காசு பிடிப்பார்கள் என்பது இப்போதே தெரிகிறது.

மாலையில் மச்சானிடம் சொல்லி, ஹ்லோட்சேவைத் தாண்டி மபுட்சோவே வரை விடச் சொன்னேன். அவனுக்கு ஆர்வமில்லை. "லீவுக்கு வந்தும் பனியன் கம்பெனியா?" என்றான். தகரக் கூரைக் கொட்டகைகள், கம்பி வேலி, வாசலில் காவலாளி. ஓரத்தில் பெண்கள் மக்வென்யா விற்றார்கள், நம்ம ஊர் போண்டாவின் மைதா தம்பி, ஒன்று இரண்டு மலோட்டி. ஷிஃப்ட் முடிந்து வந்த பெண்கள் நின்று தின்றார்கள்.

வணக்கம் எல்லாம் சொல்லி முடித்து, நானும் துணி கம்பெனி ஆள்தான் என்றேன். ஒரு அக்கா நம்பவில்லை. என் டி-ஷர்ட்டின் கீழ் மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். விரலால் ஓவர்லாக் தையலை நீவி, இழுத்து, முகத்தைச் சுளித்தார். "நூல் டென்ஷன் லூஸ்." உண்மைதான், அது எங்கள் கம்பெனி செக்கிங்கில் கழித்த பீஸ். எல்லோரும் சிரித்தார்கள். ஃபேக்டரி தைவான்காரருடையது என்றார்கள். 2000-ல் அமெரிக்கா ஆப்பிரிக்க நாடுகளுக்கு வரியில்லாமல் அனுப்ப வழி திறந்த பிறகுதான் இவையெல்லாம் வளர்ந்தன. நாட்டில் தனியார் துறையில் அதிகம் பேருக்கு வேலை தருவது இந்தத் தையல்தான்.

"திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கப்புறம் தெரியாது" என்றார் அந்த அக்கா. பிறகு, "உங்கள் ஊரில் பீஸுக்குக் காசா, மாசச் சம்பளமா?" என்று கேட்டார். இரண்டும் உண்டு, ஷிஃப்ட் கணக்கும் உண்டு என்றேன். அவர் எவ்வளவு என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.


ஏப்ரல் 6, ஞாயிறு. காட்சே

சாலையெங்கும் தேவாலயச் சீருடையில் பெண்கள். ஓரங்களில் காஸ்மாஸ் பூ, ரோஸும் வெள்ளையும். பிட்செங் தாண்டி மாஃபிகா லிசியு கணவாய் ஏறினால் 3,090 மீட்டர். மூச்சு இப்போது பழகிவிட்டது. அந்தப் பக்கம் இறங்கும்போது நீல நிறத்தில் ஏரி விரல் விரலாகப் பிரிந்து கிடந்தது.

காட்சே அணையின் உயரம் 185 மீட்டர், மேல்விளிம்பின் நீளம் 710 மீட்டர். மேட்டூர் அணைக்கு உயரம் 65 மீட்டர்தான், ஆனால் நீளம் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். காட்சே ஒடுக்கமான பள்ளத்தாக்கில் செருகிய வளைந்த சுவர். 1986-ல் தென்னாப்பிரிக்காவும் லெசோத்தோவும் ஒப்பந்தம் போட்டன. இந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியே தானாகவே வடக்கே ஓடி ஜோகன்னஸ்பர்க் பகுதிக்குப் போகிறது. அதற்கு லெசோத்தோவுக்கு மாதாமாதம் பணம் வருகிறது.

காவிரிப் படுகையில் பிறந்தவன் தண்ணீருக்குக் காசு வாங்கும் அண்டை நாட்டை நின்று பார்க்காமல் போக முடியுமா? ஒரு மணி நேரம் நின்றேன். எங்களுக்குச் சுற்றிக்காட்டிய இளைஞரிடம், உங்கள் வீட்டில் குழாய் உண்டா என்று கேட்டேன். ஊற்றிலிருந்து அம்மா சுமந்து வருகிறார் என்றார். கேள்வியை அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த கேள்விக்கு எனக்கு வாய் வரவில்லை.

மதியம் டிரௌட் மீன், 140 மலோட்டி. முள் அதிகம், மசாலா பூச்சியம். மச்சான் பையிலிருந்து இட்லிப் பொடியை எடுத்துத் தூவினான். பரிமாறியவர் கொஞ்சம் கேட்டு வாங்கிப் போனார்.


ஏப்ரல் 7, திங்கள். மசேரு

காட்சேயிலிருந்து தாபா-ட்செகா வரை சாலை முதுகெலும்பை எண்ணிப் பார்க்கிறது. மணிக்கு இருபது கிலோமீட்டர். பிறகு தார். மொலிமோ ந்துசே கணவாயில் இறங்கினோம். கடவுளே என்னைக் காப்பாற்று என்று பெயர். பெயருக்கேற்ற சரிவு. ஒரு லாரி பிரேக் வாசனையோடு எங்களைத் தாண்டிப் போனது.

மசேருவுக்கு முன்னால் தாபா போசியு. உச்சி தட்டையான மணற்கல் மலை. செஞ்சிக் கோட்டை பார்த்தவர்களுக்கு இது ஏன் கோட்டை என்று விளக்க வேண்டாம். 1824-ல் மொஷ்வேஷ்வே தன் மக்களோடு இங்கே ஏறினார். சிதறி ஓடிவந்த பல குலங்களைச் சேர்த்து ஒரு நாடாக்கியவர் அவர். டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளான போயர்கள் பலமுறை முட்டியும் மலை விழவில்லை. 1868-ல் பிரிட்டனின் பாதுகாப்பை அவரே கேட்டு வாங்கினார். அதனால்தான் இந்த நிலம் தென்னாப்பிரிக்காவோடு சேராமல் தப்பியது. மேலே அவர் கல்லறை, கற்குவியல். இரவில் இந்த மலை வளரும் என்று எதிரிகள் பயந்தார்களாம். வழிகாட்டி அதைச் சொல்லிவிட்டு, "நாங்கள் மறுத்துச் சொல்லவில்லை" என்று சிரித்தார்.

மசேருவில் கம்பளி வாங்கினேன். 1860-ல் ஒரு வணிகர் மொஷ்வேஷ்வேக்குக் கம்பளிப் போர்வை பரிசளித்ததில் இந்த வழக்கம் தொடங்கியது என்கிறார்கள். மக்காச்சோளக் கதிர் வடிவம் போட்டது, 1,500 மலோட்டி. மலிவு ரகம் முந்நூறுக்கும் உண்டு, தொட்டால் அக்ரிலிக் என்று தெரிந்துவிடும். கோடுகள் மேலிருந்து கீழாக வரும்படி போர்த்த வேண்டும். நான் குறுக்காகப் போட்டதைக் கடைக்காரப் பெண் பேசாமல் கழற்றித் திருப்பிப் போட்டுவிட்டார்.


ஏப்ரல் 8, செவ்வாய். செமொங்கோங்

வழி நெடுக மழை. கயிற்றில் இறங்குபவர்களுக்கு முந்தின நாள் சின்னப் பாறையில் பயிற்சி கட்டாயம். ஈரப் பாறையில் மச்சான் இரண்டு முறை சறுக்கி, முட்டியைச் சிராய்த்து, மூன்றாவதில் பிடித்துக்கொண்டான். பயிற்சி கொடுத்தவர் எதற்கும் குரலை உயர்த்தவில்லை. "காற்று அடித்தால் நாளை கிடையாது. பணம் கட்டினாலும் கிடையாது" என்று மட்டும் சொன்னார். இப்படிப்பட்டவரிடம் உயிரைக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

ஊரில் கார்களைவிடக் குதிரைகள் அதிகம். வங்கி வாசலில் குதிரை கட்ட மரக்கட்டை. ஒரு விடுதி கழுதை மேல் ஏற்றி ஒவ்வொரு மதுக்கடையாகக் கூட்டிப்போகும் சுற்றுலா நடத்துகிறது. கழுதையாவது தெளிவாகத் திரும்பும்.

மேட்டில் ஏறினால் சிக்னல். ஏறியிருக்கக் கூடாது. ஆபீஸிலிருந்து மின்னஞ்சல். அமெரிக்க பையர் ஒருவர் போலோ டி-ஷர்ட் ஸ்டைல் ஒன்றுக்குக் காஸ்டிங், அதாவது விலைக் கணக்கு, கேட்கிறார், அவசரம். இப்போது எங்கே தைக்கிறார்கள் என்ற இடத்தில் லெசோத்தோ என்றிருந்தது. எந்த ஃபேக்டரி என்று போடவில்லை.


ஏப்ரல் 9, புதன். மலெட்சுன்யானே அருவி

காற்றில்லை. குதிரையில் போனோம். இந்த ஊர்ப் பசோத்தோக் குதிரை உருவத்தில் சிறியது, கல்லும் சேறும் அதற்கு ஒரு பொருட்டில்லை. கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த என்னை வழிகாட்டி ந்தாத்தே பார்த்து, "விடுங்கள், அவளுக்கு வழி தெரியும்" என்றார். விட்டேன். சரிவில் அவள் ஒவ்வொரு காலையும் வைத்துப் பார்த்து ஊன்றினாள். எனக்குத் தொடை வலி மட்டும்தான் மிச்சம். குழந்தைகள் மிட்டாய் கேட்டு ஓடிவந்தார்கள். கொடுக்க வேண்டாம், பள்ளியை விட்டுச் சாலைக்கு வந்துவிடுகிறார்கள் என்றார் ந்தாத்தே.

அருவி 192 மீட்டர், ஒரே வீழ்ச்சி. முதலில் சத்தம் கேட்கிறது, பிறகு நிலம் பிளந்து திடீரென்று தெரிகிறது. திவலை புகையாக எழும்பி மேலே நின்ற எங்கள் முகம் வரை வந்தது.

மச்சான் விளிம்பில் முதுகைக் காட்டி நின்றபோது என்னைப் பார்த்தான். ஊரில் அத்தைக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு வயிறு கலங்கியது. அவன் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் ஈரப் பாறையில் ஒரு சிவப்புப் புள்ளி. கீழே தொட அரை மணி நேரம் ஆனது. பள்ளத்தாக்கிலிருந்து நடந்து மேலே வர இரண்டு மணி நேரம். விளம்பரத்தில் அந்த இரண்டு மணி நேரம் வருவதில்லை. தொப்பலாக நனைந்து, உதடு நீலம் பாரித்து வந்தான். என் புதுக் கம்பளியைப் பிடுங்கிப் போர்த்திக்கொண்டான், அதுவும் குறுக்காக. ந்தாத்தே திருப்பிப் போட்டார்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"பாதியில கண்ணைத் தொறந்தேன். தொறந்திருக்க வேணாம்."

இரவு குக்கரில் ரசம். விறகடுப்புப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த ஜெர்மானியத் தம்பதிக்கும் ஒரு டம்ளர். காய்ச்சல் மருந்தா என்று கேட்டுவிட்டு இரண்டாவது டம்ளர் வாங்கினார்கள்.


ஏப்ரல் 10, வியாழன். மசேரு பாலம்

காலையில் மேடேறினால் செய்தி. 90 நாளைக்கு அந்த வரியை நிறுத்தி வைத்திருக்கிறார் டிரம்ப், பட்டியலில் சீனாவைத் தவிர எல்லோருக்கும் இப்போதைக்கு 10 சதவீதம். திருப்பூர் குழுவில் இப்போது பட்டாசு ஸ்டிக்கர் இல்லை. பஞ்சு விலை பற்றிச் சண்டை.

எல்லைப் பாலத்தில் நீண்ட வரிசை. வார இறுதிக்குப் பொருள் வாங்கத் தென்னாப்பிரிக்கா போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், தலையில் மூட்டையோடு பாட்டிகள். மலோட்டியை அந்தப் பக்கம் வாங்கமாட்டார்கள் என்பதால் மிச்சக் காசுக்கெல்லாம் மச்சான் மக்வென்யா வாங்கினான். பை நிறைய வந்துவிட்டது. பக்கத்து வண்டிக்காரர்களுக்கு நீட்டினோம். ஒவ்வொருவரும் எடுக்கும் முன் நலம் விசாரித்தார்கள்.

ஆபீஸுக்குப் போன் செய்து, அந்த போலோ ஸ்டைலுக்கு விலை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்றேன்.

"ஏனுங்க சார், பையர் அவசரப்படுத்தறாங்களே?"

"90 நாள் இருக்குதுங்க. திங்கட்கிழமை வந்து பேசிக்கலாம்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் வரிசை நகர்ந்தது, மச்சான் கியரைப் போட்டான், சுங்க அதிகாரி பின்கதவைத் திறக்கச் சொல்லி, குக்கரைத் தூக்கிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்.

"டுமேலா ந்தாத்தே" என்று ஆரம்பித்தான் மச்சான்.